கைப்போர் நாடகம் ஒன்றன் வளர்ச்சி

தோற்றுவாய்

கதை கேட்டலில் வேட்கையில்லாதார் உலகில் யாருமிலர். பாட்டியின் மடியிலும் கூத்து மேடையின் முன்னும் வளர்ந்த அவ்வேட்கை, இந்நாளில் தொலைக்காட்சித் திரையின் முன்னும் கைபேசியின் சிறு கண்ணாடியின் முன்னும் வந்து தங்கியுள்ளது. பத்துப் பத்துப் பகுதிகளாகப் பல்லாண்டு தொடர்ந்து வெளிவரும் நாடகங்களை மாணாக்கர் உணவையும் உறக்கத்தையும் மறந்து காண்கின்றனர். பெரியோர் அவற்றை வீண்பொழுது என்று இகழ்கின்றனர். இளைஞர் அவற்றை ஒப்பற்றன என்று புகழ்கின்றனர். இகழ்வாரும் புகழ்வாரும் ஒருங்கே மறந்த செயல் ஒன்றுண்டு. அஃது ஆராய்தல்.

சென்ற ஆண்டுத் தேர்வு முடிந்த இரவில், விடுதித் தோழர் ஒருவர் ‘வாரியர்’ என்னும் அமெரிக்கத் தொடர்நாடகத்தை எனக்குக் காட்டினார். ‘போர்வீரன்’ என்பது அப்பெயரின் பொருள். நான்கு பகுதிகளைக் கண்ட அளவில், “அடியும் உதையுமன்றி இதன்கண் யாதுமில்லை” என்று தீர்ப்புக் கூறி எழுந்துவிட்டேன். “இரண்டாம் பருவம் முடியுமட்டும் பொறுத்திரும், பின்னர் உமது தீர்ப்பைக் கூறும்” என்றார் அவர். பொறுத்திருந்தேன், என் தீர்ப்புத் தவறெனக் கண்டேன். ஒரு நூலின் முதற் சில ஏடுகளைப் புரட்டிவிட்டு அதன் தகுதியை உரைப்பது தமிழ் பயிலும் மாணவனுக்கு அடாத செயல். அக்குற்றத்தைச் செய்தவன் என்னும் முறையில், அந்நாடகம் பிற்பருவங்களில் எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சிக்குக் காரணம் யாது என்பவற்றை ஈண்டு ஒருவாறு எழுதத் துணிகின்றேன்.

நாடகம் பிறந்த வரலாறு

இந்நாடகத்திற்கு விதையிட்டவர் புரூஸ் லீ. அவர் 1940-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரிற் பிறந்து, ஹாங்காங்கில் வளர்ந்து, மீண்டும் அமெரிக்கா சென்று கைப்போர்க் கலையைப் பலர்க்கும் பயிற்றியவர். தாம் கண்ட புது முறைக்கு ‘ஜீத் குன் டோ’ என்று பெயரிட்டார். வரும் அடியை இடைமறிக்கும் முட்டியின் நெறி என்பது அதன் பொருள். சீனன் ஒருவனைத் தலைவனாகவும் அமெரிக்க நாட்டின் மேற்றிசையை நிலைக்களனாகவும் கொண்டு ஒரு தொலைக்காட்சி நாடகம் இயற்றல் வேண்டும் என்று அவர் விரும்பிச் சில பக்கங்களில் ஒரு குறிப்பு வரைந்தார். 1971-ஆம் ஆண்டில் நிகழ்ந்த நேர்காணல் ஒன்றில் அதனைப் பற்றிப் பேசினார். சீனன் தலைவனாகத் தோன்றும் நாடகத்திற்குப் பொருளிடுவோர் தயங்குவர் என்பதனையும் அவரே அங்கு எடுத்துரைத்தார்.

1972-ஆம் ஆண்டில் ‘குங் ஃபூ’ என்னும் வேறொரு தொடர்நாடகம் வெளிவந்தது. அதன் தலைவன் சீனத்தாய்க்கும் அமெரிக்கத் தந்தைக்கும் பிறந்த துறவி. அவ்வேடம் பூண்டு நடித்தவரோ டேவிட் கராடின் என்னும் வெள்ளையர். அடுத்த ஆண்டில் புரூஸ் லீ தமது முப்பத்திரண்டாம் அகவையில் காலமானார். அவர் வரைந்த குறிப்பு அரங்கேறாமலே கிடந்தது.

பல்லாண்டு கழிந்தபின் அவர்தம் மகளார் ஷானன் லீ அக்குறிப்பை வெளிக்கொணர்ந்தார். திரைப்பட இயக்குநர் ஜஸ்டின் லின் துணைநின்றார். ஜானதன் டிராப்பர் அதனை நாடகமாக விரித்தார். முதற் பருவம் 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் சினிமாக்ஸ் நிலையத்தின் வாயிலாக வெளிவந்தது. புரூஸ் லீ தம் கருத்தை நேர்காணலில் உரைத்ததற்கும் அது திரையேறியதற்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள் கடந்துவிட்டன. இரண்டாம் பருவம் 2020-இல் வெளிவந்தது. அந்நிலையம் புதிய நாடகங்கள் இயற்றுதலைக் கைவிட்டமையாற் கதை இடையில் அறுந்துபோகும் நிலை நேர்ந்தது. பின்னர் வேறொரு நிலையம் முன்வர, மூன்றாம் பருவம் 2023-இல் வெளியாயிற்று. பருவத்திற்குப் பத்தாக மொத்தம் முப்பது பகுதிகள். அவ்வாண்டின் இறுதியிலேயே, இனித் தொடராது என்னும் அறிவிப்பும் வந்தது.

கதையின் களம்

நாடகத்தின் வளர்ச்சியை உணர்தற்கு அதன் களத்தை முதற்கண் அறிதல் வேண்டும். 1848-ஆம் ஆண்டு கலிபோர்னியாவிற் பொன் கண்டெடுக்கப்பட்டது. அச்செய்தி கேட்டுப் பல நாட்டினரும் சான் பிரான்சிஸ்கோவை நோக்கிக் கடல் கடந்தனர். தென்சீனத்துக் குவாங்டுங் மாகாணத்து உழவரும் அவ்வாறே வந்தனர். பின்னர், கண்டத்தின் ஒரு கோடியினின்று மறு கோடிக்கு இருப்புப்பாதை இடும் பணியில் அவர்கள் ஆயிரக்கணக்கில் அமர்த்தப்பெற்றனர். சியரா நெவாடா மலையின் கருங்கல்லைக் குடைந்தவர்களும், பனிச்சரிவிற் புதையுண்டு மடிந்தவர்களும் அவர்களே. 1869-ஆம் ஆண்டு மே மாதம் பாதை முற்றுப்பெற்றது. பாதை முடிந்ததும் அவர்கட்கு வேலையும் முடிந்தது.

வேலையிழந்தோர் நகரத்திற்கு வந்து சுருட்டுச் சுற்றினர், செருப்புத் தைத்தனர், துணி வெளுத்தனர். 1873-ஆம் ஆண்டில் நாடெங்கும் வாணிகம் சரிந்து வறுமை பரவிற்று. பஞ்சத்திற்குத் தப்பி அயர்லாந்தினின்று வந்த தொழிலாளரும் அந்நகரிற் பெருந்தொகையினராய் இருந்தனர். முதலாளிமார் குறைந்த கூலிக்குச் சீனரை அமர்த்தினர். கூலியைக் குறைத்தவர்மேற் செல்லவேண்டிய சினம், குறைந்த கூலியைப் பெற்றவர்மேற் சென்றது. 1877-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அந்நகரத்திற் பெருங்கலகம் மூண்டது, சீனரின் வண்ணான் கடைகள் பல சூறையாடப்பட்டன, உயிர்களும் மாய்ந்தன. 1882-ஆம் ஆண்டில், சீனத் தொழிலாளர் நாட்டினுட் புகலாகாது என்று அமெரிக்கப் பேரவை சட்டம் இயற்றிற்று. அச்சட்டம் 1943-ஆம் ஆண்டுவரை, அறுபத்தோராண்டுகள், பல்வகையாக நீட்டிக்கப்பெற்று நிலைத்தது.

இந்தக் கலகத்திற்கும் இந்தச் சட்டத்திற்கும் இடைப்பட்ட காலத்தை நினைவூட்டும் நகரமே ‘வாரியர்’ நாடகத்தின் களம். நாடகத்தைப் படமாக்கிய இடம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆயினும், அங்கு எழுப்பிய தெருக்கள் பழைய சான் பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பையே கண்முன் நிறுத்துகின்றன.

முதற் பருவம்: திறமையின் காட்சி

கதைத் தலைவன் ஆ சாம். கப்பலினின்று கரையில் இறங்கியவுடனே, தன்னையும் தன்னுடன் வந்தோரையும் இழிவுசெய்யும் அலுவலர் மூவரை அவன் அடித்து வீழ்த்துகின்றான். அதனைக் கண்ட வாங் சாவ் என்னும் தரகன் அவனை ‘ஹாப் வே’ என்னும் கூட்டத்தாரிடம் விற்றுவிடுகின்றான். அந்நகரத்துச் சீனரிடையே ‘டாங்’ எனப் பெயரிய கூட்டங்கள் பல இருந்தன. அபினி வாணிகத்தின் பொருட்டு அவை தம்முட் பூசலிட்டன. ஆ சாம் அமெரிக்கா வந்தது பொன் தேடியன்று. தன் தமக்கையைத் தேடியே. அவளோ மாய் லிங் என்னும் புதுப்பெயருடன், பகைக் கூட்டமாகிய ‘லாங் ஸீ’யில் அதிகாரம் பெற்று வாழ்கின்றாள். தம்பியைத் திரும்பிப் போகுமாறு பணிக்கின்றாள். அவன் போகவில்லை. இதுவே முதற் பருவத்தின் முடிச்சு.

முடிச்சு நல்லதே. எனினும், முதற் பருவத்திற் சண்டைகள் பெரும்பாலும் கதையினின்று பிறவாமல், கதையின்மேல் ஒட்டப்பட்டனபோல் நிற்கின்றன. ஒரு பேச்சு முடிந்தவுடன் ஓர் அடிபிடி. அது முடிந்தவுடன் மற்றொரு பேச்சு. தலைவன் எத்துணை வல்லவன் என்பதை நாம் ஒருமுறை கண்டால் போதும்; ஐந்துமுறை காணவேண்டுவதில்லை. அவனைச் சூழ நிற்போரும் இன்னும் முழு மாந்தராகவில்லை. டிலன் லியரி என்னும் ஐரிஷ் தொழிலாளர் தலைவன் வெறும் முரடனாகவே தோன்றுகின்றான். நகரத் தலைவரின் மனைவியாகிய பெனலோபி, தந்தையின் தொழிலைக் காக்க விரும்பாத மணத்திற்கு உடன்பட்டவள். அவள் துயரம் நமக்குச் சொல்லப்படுகின்றதேயன்றி நம்முள் இறங்கவில்லை.

ஆயினும் இப்பருவத்திலேயே இரண்டு நல்ல விதைகள் ஊன்றப்பெற்றன. ஒன்று மொழியைக் கையாளும் முறை. சீனர் தம்முட் பேசும்போது, அவர் பேசும் கான்டனீஸ் மொழி நம் செவிக்குத் தங்குதடையற்ற ஆங்கிலமாக மாறிவிடுகின்றது. வெள்ளையர் ஒருவர் உள்ளே நுழைந்த கணமே, அதே வாய்கள் அவர்க்கு விளங்காத மொழியைப் பேசுகின்றன. பிறர் தெருவில் திக்கித் திணறிப் பேசுவோன் தன் வீட்டில் நகையும் சினமும் நுண்ணறிவும் நிறைந்த சொல்லாளன் என்னும் உண்மையை ஒரு சொல்லும் உரைக்காமலே இம்முறை உணர்த்துகின்றது.

மற்றொன்று தோல்வி. முதற் பருவத்தின் ஒன்பதாம் பகுதியில், இரு கூட்டங்களின் பகையைத் தீர்த்தற்கு இரு வீரர் தனித்துப் பொருகின்றனர். லாங் ஸீயின் வீரனாகிய லீ யாங்கிடம் ஆ சாம் தோற்கின்றான்; உயிர் மட்டும் தப்புகின்றது. அந்நாள்வரை அவன் கைகள் பேசின. அன்றுமுதல் அவன் சிந்திக்கத் தொடங்குகின்றான். என்னை எழுந்துபோகச் செய்த நான்கு பகுதிகளும் இதற்கு முன்னரே முடிந்துவிட்டன என்பதை எண்ணி இன்று நாணுகின்றேன்.

இரண்டாம் பருவம்: சினத்தின் காரணம்

இரண்டாம் பருவத்தில் நாடகத்தின் கண் விரிகின்றது. கூட்டங்களின் பூசல் அதன் ஒரு மூலைக்கு ஒதுங்க, நகரம் முழுதும் மேடைக்கு வருகின்றது. பெனலோபி தந்தையின் எஃகுத் தொழிற்சாலையைத் தானே நடத்தி, அதிற் சீனரை வேலைக்கு அமர்த்துகின்றாள். லியரியின் பகை இப்பொழுது காரணமுடைய பகையாகின்றது. அவன் தன் மக்களின் பசியைப் பேசுகின்றான், அப்பசி மெய்யானது. அதனைத் தீர்க்க அவன் தேர்ந்த வழிதான் பொய்யானது. துணைத் தலைவர் பக்லி போன்ற அரசியலாளர் அச்சினத்தைத் தமக்குப் படியாக்கிக்கொள்கின்றனர். எதிரியை முழு மாந்தனாகப் படைத்தமையே இப்பருவத்தின் முதல் வெற்றி. காரணமற்ற கொடியவனை வெறுத்தல் எளிது. காரணமுடையோன் கொடுமை செய்யும்போதே நாம் கலங்குகின்றோம்.

இப்பருவத்திலும் பந்தயச் சண்டைக்கென ஒதுக்கிய பகுதி ஒன்றுண்டு. அதனை நீக்கினாலும் கதைக்கு ஊனம் நேராது. ஆனால், ஒன்பதாம் பகுதியை நோக்கிக் கதை இறங்கும் முறை மிக உயர்ந்தது. பெனலோபியின் பணியாளனாகிய ஜேக்கப் என்னும் சீன இளைஞன், அவளை அடித்துத் துன்புறுத்தும் கணவனிடமிருந்து அவளைக் காக்கப் புகுந்து, அவனைக் கொன்றுவிடுகின்றான். இறந்தவன் நகரத் தலைவன். வழக்கும் கேட்பும் நிகழுமுன்னரே கலகக் கூட்டம் ஜேக்கப்பைச் சட்டத்தின் கையினின்று பறித்துக் கொல்லுகின்றது. கொன்றும் அடங்காமற் சீனர் குடியிருப்பின்மேற் பாய்கின்றது.

அப்பகுதிக்குப் புரூஸ் லீயின் 1973-ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் பெயராகிய ‘என்டர் தி டிராகன்’ என்பதனையே இட்டனர். புறத்தே நோக்கின் அதுவும் அடிதடிக் காட்சியே. முப்பது பகுதிகளுள் அதனினும் மிக்க அடிதடி பிறிதொன்றில்லை எனலாம். அற்றேல், முதற் பருவத்துச் சண்டைகளினின்று அஃது எவ்வாறு வேறுபட்டது?

தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலிற் பெருமிதம் பிறக்கும் களன் நான்கனுள் தறுகண்ணை ஒன்றாக வைத்தார். வெகுளி பிறக்கும் களன் நான்கனுட் குடிகோளை ஒன்றாக வைத்தார். தறுகண் என்பது அஞ்சாமை. குடிகோள் என்பது சுற்றத்திற்குக் கேடு சூழ்தல். வகுப்பில் இப்பகுதியைப் பாடமாகக் கேட்டபோது இதனை வெறும் பட்டியலாகவே மனனம் செய்தேன். இந்நாடகத்தைக் கண்டபின்னரே, ஒரே அடி இருவேறு நிலத்தினின்று பிறக்கக்கூடும் என்பது எனக்கு விளங்கிற்று. முதற் பருவத்தில் ஆ சாம் ஓங்கிய கை தறுகண்ணினின்று எழுந்த கை. அதனைக் கண்டு நாம் வியந்தோம். இரண்டாம் பருவத்தில் அவன் ஓங்கிய கை குடிகோளினின்று எழுந்த கை. கடைக்காரரும் பெண்டிரும் முதியோரும் கதவடைத்து நடுங்கும் தெருவில், அத்தெருவிற்கும் சாவிற்கும் இடையே அவன் நிற்கின்றான். நேற்றுவரை ஒருவரையொருவர் வெட்டிய கூட்டத்தார் இன்று ஒரே கலகத்தை எதிர்க்கின்றனர். இங்கு நாம் வியப்பதில்லை. அவன் வீழ்ந்தால் தெரு என்னாகும் என்று அஞ்சுகின்றோம். கை வளரவில்லை, அதனை எழுப்பிய காரணம் வளர்ந்தது. இந்நாடகத்தின் வளர்ச்சி முழுதும் இவ்வொரு தொடரில் அடங்கும் என்பது என் கருத்து.

மூன்றாம் பருவம்: வெற்றியின் கடன்

இவ்விடத்தில் ஒரு தடை எழும். 1877-ஆம் ஆண்டுக் கலகத்தில் இத்தகைய வீரன் ஒருவன் தோன்றித் தெருவைக் காத்தான் என்று வரலாறு கூறவில்லை. அடிபட்டவர் அடிபட்டனர், இறந்தவர் இறந்தனர். அவ்வாறாக, நாடகத்தில் மட்டும் அவர்கட்கு ஒரு வீரனைத் தந்து வெற்றியும் தருதல், துயருற்றோர்க்குப் பொய்யான ஆறுதல் கூறுவதாகாதோ? இத்தடையை யானே சில நாள் எண்ணி இடர்ப்பட்டேன்.

அதற்கு விடை இரண்டாம் பருவத்தின் இறுதியில் தொடங்கி மூன்றாம் பருவத்தில் முற்றுகின்றது. கலகத்தின் பின்னர் ஆ சாம் லியரியைத் தனித்து எதிர்த்து வெல்லுகின்றான். சீனர் குடியிருப்பின் சுவரில் அவன் உருவத்தை யாரோ வண்ணத்தில் தீட்டிவிடுகின்றனர். அவன் மக்களின் தலைவனாகிவிட்டான். சாதாரண நாடகம் இவ்விடத்தில் மங்களம் பாடி முடிந்திருக்கும். இதுவோ, “அதன் பின்னர் யாது?” என்று வினவுகின்றது.

பின்னர் நிகழ்வன வருமாறு. சுவரில் ஓவியம் நிற்க, தெருவிற் காவலரின் கெடுபிடி மிகுகின்றது. பழைய வாணிகம் தளர, ஹாப் வே கூட்டத்தார் கள்ள நாணயத்தாள் அச்சிடப் புகுகின்றனர். அதன்பொருட்டு யான் மீ என்னும் அச்சுத்தொழில் வல்ல பெண் இவ்வலையுள் அகப்படுகின்றாள். தெருவைக் காத்த கையே அத்தெருவின் பெண்ணொருத்தியை இடரில் தள்ளுகின்றது. ஓவியத்தில் நிற்கும் வீரனுக்கும் தெருவில் நடக்கும் ஆ சாமுக்கும் இடைவெளி நாளும் பெருகுகின்றது. பகைக் கூட்டத்தின் தலைவி தன் தமக்கையே என்னும் மறைவை உயிர்த்தோழனாகிய யங் ஜுன்னிடம் அவன் நெடுநாள் ஒளித்திருந்தான். அது வெளிப்பட்டபோது தோழமை முறிகின்றது. ஒரு முட்டியாலும் அதனை ஒட்டவைத்தல் இயலவில்லை.

நாடகம் 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தை எட்டுமுன்னரே நின்றுவிட்டது. ஆயினும் வரலாறறிந்த நாம் அச்சட்டம் வருகின்றது என்பதை அறிவோம், பாத்திரங்கள் அறியார். அவர்கள் வென்ற ஒவ்வொரு வெற்றியின் பின்னும் அதன் நிழல் படிந்திருக்கின்றது. வரும் அடியை இடைமறித்தற்கு ஒரு நெறியுண்டு. வரும் சட்டத்தை இடைமறித்தற்கு முட்டியின் நெறி உதவாது. இதனை மூன்றாம் பருவம் வாய்விட்டுக் கூறாமலே உணர்த்துகின்றது. ஆதலின், இரண்டாம் பருவத்தின் வெற்றி பொய்யான ஆறுதலாக முடியவில்லை. துயருற்றோர் ஒரு நாள் நிமிர்ந்து நின்றதாகக் கற்பனை செய்யும் உரிமையை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து நின்றமையால் எல்லாம் சீராயிற்று என்று பொய் கூறும் உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை.

வளர்ச்சியின் காரணங்கள்

இனி, இவ்வளர்ச்சிக்குக் காரணங்களைத் தொகுத்து நோக்குவாம்.

முதலாவது, பொறுமை. தொடர்நாடகத்தின் முதற் பருவம் புதியவரை அழைக்கும் வாயில் போன்றது. காண்போர் எழுந்துபோய்விடுவர் என்னும் அச்சத்தாற் பகுதிதோறும் ஒரு சண்டை வைக்கவேண்டியதாகின்றது. காண்போரின் நம்பிக்கையைப் பெற்றபின்னர், ஆசிரியர் நிதானமாகப் பேசவும் மௌனமாக இருக்கவும் துணிகின்றார்.

இரண்டாவது, துணைப்பாத்திரங்களின் நிறைவு. ஆ டாய் என்னும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். சான் பிரான்சிஸ்கோவில் மெய்யாகவே வாழ்ந்து, 1850-களில் நீதிமன்றத்திற் பலமுறை வழக்காடிய ஒரு சீனப் பெண்ணின் பெயரையே ஆசிரியர் இவட்கு இட்டார். முதற் பருவத்தில் இவள் கணிகையர் இல்லத்தின் தலைவியாகவும், இரவில் வாளேந்தும் வியப்புக்குரியவளாகவும் மட்டும் தோன்றினாள். பின்னர் நிலம் வாங்குகின்றாள். பிற பெண்களைக் காக்கின்றாள். யாருக்கும் அடிமையாகாத வாழ்வு ஒன்றை எண்ணத் தொடங்குகின்றாள். வாளைவிட அவ்வெண்ணமே அவளை உயர்த்துகின்றது. எல்லாக் கூட்டத்தாரிடமும் வாணிகம் செய்து தன்னலமே பேசித் திரிந்த வாங் சாவும் அவ்வாறே சிறிது சிறிதாக மனிதனாகின்றான்.

மூன்றாவது, போர்க்காட்சியை வகுத்த முறை. அக்காட்சிகளை அமைத்தவர் பிரட் சான். ஒவ்வொருவரும் தத்தம் இயல்புக்கேற்பவே பொருகின்றனர். ஆ சாம் விரைவும் செருக்கும் கலந்து ஆடுகின்றான். லீ யாங் வீண் அசைவு ஒன்றுமின்றி அமைதியாக அடிக்கின்றான். லியரி உடல் வலியொன்றையே நம்பி முன்னேறுகின்றான். பிற்பருவங்களில் இவ்வேறுபாடு கூர்மையடைகின்றது. பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும், யார் என்ன மனத்துடன் பொருகின்றார் என்பது விளங்கும். உரையாடல் எவ்வாறு பாத்திரத்தின் குணத்தைக் காட்டவேண்டுமோ அவ்வாறே சண்டையும் காட்டவேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நான்காவது, வரலாறு. கூட்டத்தார் பூசலை எந்நகரத்திலும் எக்காலத்திலும் வைத்து எழுதலாம். கூலிக்கும் பசிக்கும் சட்டத்திற்கும் இடையே நசுங்கும் ஒரு தெருவின் கதையை அத்தெருவிலன்றி எழுதலாகாது. நாடகம் தன் நிலத்தில் வேரூன்றிய அளவிற்கு உயர்ந்தது.

குறைகள்

புகழ்ந்துரைத்தவன் குறையை மறைத்தல் நேர்மையாகாது. இந்நாடகத்திற் குருதியும் காமக் காட்சியும் வசைமொழியும் மிகுதியாக உள்ளன. அவற்றுட் சில கதைக்கு வேண்டுவன, பல வேண்டாதன. இஃது அகவை முதிர்ந்தோர்க்கே உரியது. இளஞ்சிறார் உடனிருக்கக் காணத்தகாதது. மூன்றாம் பருவத்திற் புதிய பாத்திரங்கள் பலர் ஒருங்கே புகுதலால், சில கிளைக்கதைகள் விளைவதற்குள் அறுவடையாகிவிட்டன. கள்ள நாணயத்தாளின் கதை சில பகுதிகளில் நீண்டு சோர்வு தருகின்றது. முடிவும் முழுமுடிவன்று, இன்னும் ஒரு பருவம் வருமென்று எண்ணி விடப்பட்ட நூல்கள் சில அவிழாமலே தொங்குகின்றன. இக்குறைகளையெல்லாம் கூட்டி நோக்கினும், இரண்டாம் பருவத்தை முதலாவதினும் மிக உயர்ந்ததென்றும், மூன்றாவதனை அமைப்பிற் குறைந்தும் கருத்தில் உயர்ந்ததென்றும் கூறுவேன்.

முடிப்பு

நண்பர்களே, இக்கட்டுரை ஒரு நாடகத்தை விளம்பரம் செய்தற்கு எழுதியதன்று. நம்மிற் பலர் கதை எழுத விரும்புகின்றோம். கலாசாலை மேடையில் நாடகம் நடிக்கின்றோம். வீரத்தைக் காட்டவேண்டுமாயின் வாளையும் முழக்கத்தையும் தேடி ஓடுகின்றோம். தலைவனுடைய கை எத்துணை வலியது என்று காட்டுதல் எளிது. அக்கை எவர்பொருட்டு எழுந்தது என்று காட்டுதலே அரிது. எழுந்த கை எதனைச் செய்ய இயலாது என்பதையும் மறையாது காட்டுதல் அதனினும் அரிது. மூன்று பருவங்களில் ‘வாரியர்’ இம்மூன்று படிகளையும் ஏறிற்று.

பிறிதொன்றும் கூறி முடிப்பேன். தம் நாடகத்தில் ஒரு சீனன் தலைவனாக நிற்கவேண்டுமென்று விரும்பிய ஒருவர், அதனைக் காணாமலே இறந்தார். அக்குறிப்பைக் காத்துவைத்த மகளார் அதனை அரங்கேற்றினார். அந்த அரங்கேற்றமும் முதலிலே முழுமை பெற்றதன்று. தவறிச் சிதறி, தன் வழியைத் தானே கண்டு, பின்னரே நிமிர்ந்தது. நான்கு பகுதிகளைக் கண்டு எழுந்துபோன என்னை நிறுத்தி, பொறுத்திருக்கும்படி கூறிய தோழருக்கு நன்றி கூறுகின்றேன். நூல்களிடத்தும் மாந்தரிடத்தும் அவ்வாறே சிறிது பொறுத்திருந்து தீர்ப்புக் கூறக் கற்றுக்கொண்டால், இவ்வாண்டு யான் கற்ற பாடங்களுள் அதுவே பெரிதாகும்.